இளையோரின் உளமாய நோயை முன்கூட்டி அறிய உதவும் வினாக்கொத்துகள்: யாழ்ப்பாணத்துப் பெற்றாரும் ஆசிரியர்களும் கேட்பவை

யாழ்ப்பாணத்தில் இளையோருக்கான உளவளத்துணையில் இருப்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் அடிக்கடி வரும். கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார், சிலவேளை வகுப்பாசிரியர்கள். தானே நிரப்பிப் பார்த்துவிட்டுப் பயந்துபோய் வரும் பிள்ளைகளும் உண்டு. நான் வைத்தியர் அல்ல. மருந்து பற்றிச் சொல்வதை உங்கள் வைத்தியரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

லண்டனில் இருக்கிற தங்கச்சி வாட்சப்பில் ஒரு கேள்வித்தாள் அனுப்பினா. பதினாறு கேள்வி இருக்கு. இது என்ன?

அநேகமாக உளமாய நோயின் முன்னறிகுறிகளைக் கேட்கும் பி.கியூ-16 என்ற வினாக்கொத்தாக இருக்கும். முன்பு அமெரிக்காவில் 92 கேள்விகளோடு வந்த ஒரு வினாக்கொத்தை நெதர்லாந்து ஆய்வாளர்கள் சுருக்கி 2012இல் வெளியிட்டார்கள். பதினாறு கூற்றுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று அடையாளமிட வேண்டும். ஆம் என்றால், அது எவ்வளவு மனக்கஷ்டம் தந்தது என்பதற்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை ஓர் எண் போட வேண்டும். மற்றவர்களுக்குக் கேட்காத பேச்சு கேட்டதா, கண்ணாடியில் முகம் மாறித் தெரிந்ததா, கடை விளம்பரங்களில் தனக்கென்று விசேட செய்தி இருப்பதாகப் பட்டதா, என்றெல்லாம் போகும்.

இல்லாத குரல் கேட்பது, நடக்காத ஒன்றை நடக்கிறதென்று அசைக்க முடியாமல் நம்புவது, பேச்சும் சிந்தனையும் தொடர்பறுந்து போவது ஆகியவற்றை உளமாய நோய், சைக்கோசிஸ் என்கிறோம். மனச்சிதைவு நோய் இதில் ஒரு வகை. பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் இது அதிகம் தொடங்கும். பலருக்கு ஒரே நாளில் வருவதில்லை. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், லேசான மாற்றங்கள் முன்னால் வரும். அந்தக் கட்டத்தில் உள்ளவர்களைத் தவறவிடாமல் பிடிப்பதற்குத்தான் இந்தத் தாள்கள்.

இதே வகையில் 21 கேள்விகளுடன் பி.கியூ-பி, 42 கேள்விகளுடன் கேப், இன்னும் சின்னப் பிள்ளைகளுக்காக அயர்லாந்தில் வந்த ஏழு கேள்வித் தாள் என்று பல இருக்கின்றன. எல்லாமே பிள்ளை தானாக நிரப்புவது.

கூட்டிப் பார்த்தால் ஆறுக்கு மேல வருது. மகனுக்கு விசர் பிடிக்கப்போகுதா?

அப்படி இல்லை. ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் ஒருவர் அவனோடு இருந்து ஆறுதலாகக் கதைக்க வேண்டும் என்று அர்த்தம். அதற்கு மேல் அந்த எண்ணிலிருந்து ஒன்றையும் எடுக்க முடியாது.

நெதர்லாந்து ஆய்வில் இதை நிரப்பியவர்கள் வீதியில் போய்வந்தவர்கள் அல்ல. ஏற்கெனவே ஏதோ மனக்கஷ்டத்துக்கு உதவி தேடிக் கிளினிக்குக்கு வந்தவர்கள். அவர்களிலும்கூட, ஆறு அல்லது அதற்கு மேல் எடுத்தோரை விரிவாக விசாரித்தபோது 44 சதவீதத்தினருக்குத்தான் உளமாய நோயோ அதற்கு முந்திய ஆபத்து நிலையோ இருந்தது. மீதிப் பாதிக்கு மேற்பட்டோருக்கு இல்லை. ஆபத்து நிலையில் இருப்போரிலும் அடுத்த மூன்று ஆண்டுகளில் உளமாய நோய்க்குப் போவது ஏறத்தாழ நாலில் ஒருவர்தான்.

கேள்விகளையும் ஒருமுறை பாருங்கள். "முன்பு பிடித்தவற்றில் இப்போது ஆர்வமில்லை", "புதிய ஆட்களைச் சந்திக்கும்போது மிகவும் பதற்றமாக இருக்கிறது" என்பவையும் அந்தப் பதினாறில் அடங்கும். உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எங்கள் பெடியளில் எத்தனை பேர் இதற்கு இல்லை என்று போடுவார்கள்? மனச்சோர்விலும் பதகளிப்பிலும் நித்திரையில்லாமையிலும் இந்தப் புள்ளி ஏறும். அவற்றுக்கும் உதவி தேவைதான், ஆனால் அது வேறு உதவி.

கையில் தாள் வந்தால் நான் முதலில் பார்ப்பது கூட்டுத்தொகையை அல்ல, கஷ்டம் எவ்வளவு என்று கேட்கும் நிரலை. எட்டுக்கு ஆம் போட்டு எல்லாவற்றுக்கும் 0 போட்ட பிள்ளையை விட, இரண்டுக்கு மட்டும் ஆம் போட்டு இரண்டுக்கும் 3 போட்ட பிள்ளையைப் பற்றித்தான் எனக்கு யோசனை கூட.

"மற்றவர்களுக்குக் கேட்காத சத்தம் கேட்கிறது" என்பதற்கு ஆம் போட்டிருக்கிறாள். இதற்கும் பயப்படத் தேவையில்லையா?

இந்த ஒரு கேள்வியை அசட்டை செய்யக்கூடாது. அயர்லாந்தின் ஏழு கேள்வித் தாளிலும் தனியாக நின்று அதிகம் பயன்பட்டது குரல் கேட்பது பற்றிய கேள்விதான். ஆனாலும் ஆம் என்ற பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்காமல் முடிவெடுக்க முடியாது.

ஒரு பிள்ளை இதற்கு ஆம் போட்டிருந்தாள் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே சொல்கிறேன்). "எப்ப பிள்ளை கேட்கிறது?" என்றேன். நல்லூர்த் திருவிழாக் காலத்தில், இரவு வீட்டுக்கு வந்து படுத்தபிறகு, கண் அயரும் நேரத்தில் தவிலும் நாதஸ்வரமும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்குமாம். ஒருமுறை யாரோ தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது போலவும் இருந்ததாம். எழுந்து விளக்கைப் போட்டால் நின்றுவிடுமாம். நித்திரைக்குப் போகும்போதும் எழும்பும்போதும் இப்படிக் கேட்பது நோயில்லாத ஆட்களுக்கும் சாதாரணமாக நடப்பது. அவளுக்கு அதைச் சொல்லி அனுப்பினேன். தாள் அதையும் ஒரு புள்ளியாகத்தான் எண்ணியது.

பட்டப்பகலில், விழித்திருக்கும்போது, இரண்டு பேர் தன்னைப் பற்றிக் குறை கதைப்பது கேட்டால் அது வேறு. ஒரு குரல் ஏதாவது செய்யச் சொல்லிக் கட்டளையிட்டால் அது இன்னும் வேறு. அதனால் எப்போது, எத்தனை தடவை, எவ்வளவு நேரம், உள்ளுக்குள் நினைப்பாகவா வெளியிலிருந்து காதிலா, அது உண்மை என்று நம்புகிறாரா, அதற்காக எதையாவது செய்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

வயதையும் கவனியுங்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் 9 முதல் 12 வயதுவரையான பிள்ளைகளில் ஏறத்தாழ 17 சதவீதத்தினரும், 13 முதல் 18 வரை ஏறத்தாழ 7.5 சதவீதத்தினரும் இப்படியான ஏதாவது ஓர் அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு அது தானாக விட்டுப்போகும். போகாமல் கூடிக்கொண்டே வருவதுதான் கவலைக்குரியது.

"என்னை யாரோ கண்காணிக்கிறார்கள்" என்ற மாதிரிக் கேள்விகள் எங்கள் ஊருக்குப் பொருந்துமா?

நல்ல கேள்வி. மெல்பேர்னிலோ ஹேக்கிலோ எழுதிய கேள்வியை எடுத்து அப்படியே இங்கே கேட்டால் சிக்கல் வரும் இடம் இது. இந்த மண்ணில் சோதனைச்சாவடியில் இறக்கி அடையாள அட்டை பார்த்ததும், இரவில் வீட்டுக்கு ஆள் வந்து பெயர் கேட்டுப் பதிந்ததும், வெள்ளை வானும் யாருடைய கற்பனையும் அல்ல. இன்று பதினேழு வயதான பிள்ளை அதையெல்லாம் நேரில் பார்த்திருக்காது. ஆனால் "ரோட்டில நிண்டு கதைக்காதை, ஆர் நிக்கிறான் எண்டு தெரியாது" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்திருக்கும். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் படம் தொங்கும் வீட்டில் சந்தேகம் என்பது வீட்டுப் பழக்கம்.

ஆகவே "ஆம்" என்றதும் நோய் என்று எடுக்கவும் கூடாது, "எங்கட சனத்துக்கு இது வழமைதானே" என்று தள்ளவும் கூடாது. பிள்ளையின் சந்தேகம் வீட்டாரின் சந்தேகத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இதே அனுபவங்களைக் கடந்துவந்த தகப்பனே "இவன் சொல்றது கொஞ்சம் ஓவர்" என்று சொன்னால் நான் காது கொடுப்பேன். மூன்று மாதத்துக்கு முன் இல்லாதது இப்போது புதிதாக வந்திருந்தால் இன்னும் கூடக் கவனிப்பேன். பக்கத்துவீட்டு நாய் குரைப்பது தனக்கான சமிக்ஞை என்று ஒரு பிள்ளை சொன்னால் அதைப் போர் அனுபவத்தோடு முடிச்சுப் போட முடியாது.

அம்மன் தன்னோடு கதைக்கிறா என்று சொல்கிறாள். இதுவும் நோயா?

கோயிலில் கலை வந்து ஆடி, வாக்குச் சொல்லி, தீர்த்தம் தெளித்ததும் தெளிந்து, அடுத்த நாள் வழமைபோல வேலைக்குப் போகிறவர்கள் இங்கே எத்தனையோ பேர். அதை யாரும் நோய் என்பதில்லை, வைத்தியர்களும் சொல்வதில்லை. நேரமும் இடமும் ஊராரின் ஒப்புதலும் அதற்கு உண்டு. அந்த எல்லைக்குள் நிற்காமல் வகுப்பிலும் பஸ்ஸிலும் நடுச்சாமத்திலும் வந்தால், பிள்ளை சாப்பாட்டையும் படிப்பையும் விட்டால், கோயில் ஐயரே "இது கொஞ்சம் பாருங்கோ" என்றால், கூட்டிக்கொண்டு வாருங்கள். "கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்தி பக்கத்தில் இருப்பதை உணர்ந்திருக்கிறேன்" என்ற கூற்றுக்கு எங்கள் அம்மம்மாமார் எல்லோருமே ஆம் போடுவார்கள்.

தாளைத் தமிழாக்கி நாங்களே கொடுக்கலாமா?

ஒருவர் இருந்து மொழிபெயர்த்தால் போதாது. வேறொருவர் அதைப் பார்க்காமல் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிட வேண்டும், பிள்ளைகள் என்ன விளங்கிக்கொண்டார்கள் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், பிறகு இங்குள்ளவர்களிடம் விரிவான நேர்முகத்தோடு ஒப்பிட்டு எத்தனை புள்ளியில் எல்லை வைப்பது என்று பார்க்க வேண்டும். ஆறு என்ற எல்லை டச்சுக்காரரை வைத்து வந்தது.

மகனுக்கு இரண்டு புள்ளிதான் வந்தது. அப்ப பிரச்சினை இல்லைத்தானே?

இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

ஒரு பெடியனைத் தாய் கூட்டிவந்தா. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தவன். தாளை வாங்கி மளமளவென்று நிரப்பித் தந்தான். இரண்டே இரண்டு ஆம். கதைக்கும்போது ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தான். முன் கமராவிலும் பின் கமராவிலும் சின்னதாக வெட்டிய பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அதைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இந்தத் தாள் ஆரிட்டப் போகும்?" என்று திருப்பிக் கேட்டான். வீட்டில் அறை யன்னலுக்குப் பேப்பர் ஒட்டிவைத்திருப்பதைத் தாய் பிறகுதான் சொன்னா.

தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று நம்புகிற ஒருவர், கண்காணிப்பது பற்றிய கேள்விக்கு எழுத்தில் ஆம் என்று போடுவாரா? நோய் முற்ற முற்றத் தாளில் புள்ளி குறைவதும் நடக்கும். தனக்கு நடப்பது விசித்திரம் என்ற உணர்வு இருக்கும் வரைக்கும்தான் பிள்ளை அதை விசித்திரம் என்று எழுதும். அந்த உணர்வு போய்விட்டால் "எனக்கொண்டும் இல்லை, அவையளுக்குத்தான்" என்பதுதான் பதில். அதனால் குறைந்த புள்ளியை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. பிள்ளை மாறிவிட்டான் என்று வீட்டார் சொல்வது தாளை விடப் பெரிய சாட்சி.

பிள்ளைக்குப் பதிலாக நான் நிரப்பலாமா?

வேண்டாம். உங்கள் மனதில் உள்ளதுதான் அதில் வரும்.

எங்கள் பாடசாலையில் பத்தாம் வகுப்புக்கு மேல் எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்தால் என்ன?

ஆசிரியர்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். ஆயிரம் மாணவர். அவர்களில் உண்மையிலேயே ஆபத்து நிலையில் பத்துப் பேர் என்று கணக்குக்காக வைப்போம். நெதர்லாந்து ஆய்வில் பி.கியூ-16, இருப்பவர்களில் 87 சதவீதத்தினரைப் பிடித்தது, இல்லாதவர்களில் 87 சதவீதத்தினரைச் சரியாக விட்டது. அதே திறமை இங்கேயும் இருக்கும் என்றே எடுத்தாலும், பத்தில் ஒன்பது பேரைப் பிடிக்கும். நல்லது. ஆனால் மீதி 990 பேரில் 13 சதவீதம், அதாவது ஏறத்தாழ 129 பேர், ஒன்றுமில்லாமலே மாட்டுவார்கள். 138 பேரை வரிசையில் நிறுத்தி அதில் ஒன்பது பேரைத் தேட வேண்டும். அந்த 138 பேரோடும் தனித்தனியே இருந்து கதைக்க உங்கள் பாடசாலையில் யார் இருக்கிறார்கள்?

ஆள் இல்லாவிட்டால் நடக்கப்போவது எனக்குத் தெரியும். பட்டியல் அலுவலகத்து அலுமாரிக்குள் போகும், அதில் இரண்டு பேர் வெளியே கசியும், ரியூசனில் ஒரு பிள்ளைக்குப் பட்டப்பெயர் விழும். உதவி தேடி வந்த பிள்ளையிடம் கொடுப்பதற்கு இது நல்ல தாள். தேடாத ஆயிரம் பேருக்குக் கொடுப்பதற்கு அல்ல.

அதற்குப் பதில், நன்றாகப் படித்த பிள்ளை ஒரு தவணைக்குள் காரணமில்லாமல் கீழே போவது, கூட்டாளிகளை விட்டு ஒதுங்குவது, குளிக்காமல் தலைவாராமல் வருவது, தொடர்பில்லாமல் சிரிப்பது, கட்டுரையில் வசனங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போவது ஆகியவற்றைக் கவனிக்க ஆசிரியர்களுக்கு ஒரு பின்னேரம் பயிற்சி கொடுங்கள். அது கூடப் பயன் தரும்.

கஞ்சா பாவிக்கிறான் என்று சந்தேகம். அதுதான் காரணமா?

இருக்கலாம். வளரும் வயதில் கஞ்சா, அதிலும் வீரியம் கூடியது, அடிக்கடி பாவித்தால் உளமாய நோய்க்கான ஆபத்துக் கூடும் என்பதில் இப்போது பெரிய சந்தேகம் இல்லை. கடல்வழியாக வரும் கேரளக் கஞ்சா பிடிபட்ட செய்தி இல்லாத வாரம் எங்கள் பத்திரிகைகளில் குறைவு. ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைன் நேரடியாகவே குரலையும் சந்தேகத்தையும் கொண்டுவரும். பி.கியூ-16இன் பதினாறு கூற்றுகளில் ஒன்றுகூடப் போதைப்பொருள் பற்றியது அல்ல, ஆகவே அதைத் தனியாகக் கேட்க வேண்டும். தகப்பன் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் உண்மை வராது. பாவிக்கிறான் என்று தெரிந்ததும் "அப்ப அது வெறிதான், விட்டால் சரி" என்று நோயைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

எப்போது தாளும் வேண்டாம், கிளினிக் நாளும் பார்க்க வேண்டாம், உடனே போக வேண்டும்?

தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லிக் குரல் கட்டளையிட்டால். சாகப்போவதாகச் சொன்னால். சாப்பாட்டில் நஞ்சு என்று தண்ணியும் குடிக்காமல் இருந்தால். நாட்கணக்கில் நித்திரையே இல்லாமல் அலைந்தால். காய்ச்சல், வலிப்பு, கடும் தலையிடி, ஆளையே அடையாளம் தெரியாத குழப்பம் ஆகியவற்றோடு திடீரென்று வந்தால் அது மூளைத் தொற்றாகக்கூட இருக்கலாம், அதற்கு மணித்தியாலங்கள் முக்கியம். 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. கதைத்து வழி கேட்க மட்டும் என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இருக்கிறது.

மற்றும்படி எங்கே போவது? அங்கே என்ன செய்வார்கள்?

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநல மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. உங்களுக்குக் கிட்டிய அரச வைத்தியசாலையில் கேட்டால் உளநலக் கிளினிக் நாளைச் சொல்வார்கள். கட்டணம் இல்லை. அங்கே போகவே தயக்கம் என்றால் முதலில் குடும்ப வைத்தியரிடம் போங்கள், உண்மையிலேயே நித்திரை வருகுதில்லை என்றால் அதை மட்டும் சொல்லிக் கூட்டிப்போனாலும் பரவாயில்லை. பிள்ளைக்குப் பொய் சொல்லி மட்டும் கூட்டிப்போகாதீர்கள். சந்தேகம்தான் நோய் என்றால் அந்தப் பொய் அதற்கு நெய்.

வைத்தியர் பிள்ளையோடு தனியாகவும், உங்களோடு தனியாகவும் கதைப்பார். இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கான். 1994இல் மெல்பேர்னில் இதற்கென்றே தொடங்கிய கிளினிக்கின் வழியில், ஒவ்வோர் அறிகுறியையும் எவ்வளவு கடுமை, எத்தனை தடவை, எவ்வளவு காலம் என்று அளந்து கேட்கும் நேர்முக முறைகள் இருக்கின்றன. அவற்றின் பேர் தெரியாவிட்டாலும் நல்ல வைத்தியர் கேட்பது அதே சங்கதிதான்.

ஆபத்து நிலை மட்டும் என்றால் பொதுவாக உளமாய நோய்க்கான மருந்தை முதலில் கொடுப்பதில்லை. எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கப் பழக்கும் உரையாடல் சிகிச்சை, நித்திரை ஒழுங்கு, போதையை நிறுத்தல், மனச்சோர்வு இருந்தால் அதற்கு வைத்தியம், பிறகு விடாமல் பார்த்துவருதல். நோய் தொடங்கிவிட்டால் குறைந்த அளவில் குளிசை தொடங்குவார்கள்.

குளிசை தொடங்கினால் வாழ்நாள் முழுக்கவா?

எல்லோருக்கும் அல்ல. முதல் தடவை வந்து நன்றாகச் சுகமானவர்களுக்குக் குறைந்தது ஓராண்டு, பலருக்கு அதற்கு மேலும் கொடுத்து, பிறகு வைத்தியர் பார்த்து மெல்லக் குறைப்பார். சுகம் வந்ததும் தாமாக நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது. உடம்பு பருக்கிறது, நித்திரை தூங்குகிறது, கை இறுகுகிறது என்றால் ஒளிக்காமல் சொல்லுங்கள், மாற்று இருக்கிறது.

நூல் கட்டிப் பார்த்துவிட்டு வரலாமா?

கட்டுங்கள், சந்நிதிக்கு நேர்த்தியும் வையுங்கள். அதே கிழமை கிளினிக்குக்கும் வாருங்கள். சாத்திரி, பார்வை பார்ப்பவர், செய்வினை எடுப்பவர் என்று ஒவ்வொருவராக முடித்துவிட்டு வரும்போது ஆறு மாதம் போய்விடும். வைத்தியமில்லாமல் போகும் காலம் நீள நீளச் சுகமாவது கடினம் என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்பக் கண்ட விசயம். இங்கிலாந்தில் 2016 முதல், முதல் தடவை நோய் வந்தவருக்கு இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்றே இலக்கு வைத்திருக்கிறார்கள். அடிப்பது, கட்டிவைப்பது, பட்டினி போடுவது என்று எங்காவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊருக்குத் தெரிந்தால் தங்கச்சியின் கலியாணம் பாதிக்கும்...

இந்தப் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மறைத்துவைத்த நோய்தான் ஊருக்குத் தெரியும். வேளைக்குப் பார்த்த பிள்ளை கம்பஸ் போய்வருவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இணையத்தில் கண்ட இடமெல்லாம் பேரையும் ஃபோன் நம்பரையும் கொடுத்து இந்தத் தாள்களை நிரப்பாதீர்கள். கடதாசியில் நிரப்புங்கள், கையில் வைத்திருங்கள்.

கிளினிக்கில் சனம் கூட. கொஞ்ச நேரத்துக்குள் வைத்தியரிடம் எதைச் சொல்வது?

நிரப்பிய தாளைக் கொண்டுபோங்கள், ஆனால் புள்ளியைச் சொல்ல வேண்டாம். தாளின் பின்பக்கத்தில் முதல் மாற்றம் எப்போது தெரிந்தது என்று எழுதுங்கள். திகதி ஞாபகம் வராவிட்டால் தைப்பொங்கலுக்கு முந்தியா பிந்தியா, கொடியேற்றத்துக்கு முந்தியா, பெறுபேறு வந்த பிறகா என்று யோசித்தால் வந்துவிடும். நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா, என்னென்ன குளிசை போட்டான், வேறு என்ன பாவித்தான். அவன் சொன்ன விசித்திரமான வசனம் ஒன்றையாவது அவன் சொன்னபடியே எழுதுங்கள், உங்கள் விளக்கத்தைச் சேர்க்காமல். பெயர் கூப்பிட்டதும் நீங்கள் முந்தாமல் பிள்ளையை முதலில் தனியாக உள்ளே விடுங்கள்.